பொது என்றால் யார் யார்?

(விழுப்புரத்தில் நடந்த மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



நம் ஊர்ப் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் “சர்ச்சுக்குப் போகணும்” என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். வண்டியைக் கிளப்ப மாட்டார். “எந்த சர்ச்சு சார்? ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா, லுத்தரனா, இல்ல பெந்தெகொஸ்தேவா?” என்பார். அவர் கேட்பதில் தப்பே இல்லை. ஆளை எங்கே இறக்குவது என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

இதே சிக்கல் நான்காம் நூற்றாண்டு எருசலேமிலும் இருந்தது. கி.பி. 350ஐ ஒட்டி அங்கே சிரில் என்பவர், திருமுழுக்குப் பெறக் காத்திருந்தவர்களுக்கு வரிசையாகப் பாடம் நடத்தினார். பதினெட்டாவது பாடத்தில் ஒரு புத்திமதி வருகிறது. வெளியூர் போனால் ஆண்டவர் வீடு எங்கே என்றோ, சபை எங்கே என்றோ மொட்டையாகக் கேட்காதீர்கள், ஆளாளுக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறார்கள், கத்தோலிக்க சபை எங்கே என்று கேளுங்கள் என்கிறார். நம் ஆட்டோக்காரர் சிரிலின் பாடத்தைப் படிக்காமலே தேறியவர்.

அதே பாடத்தில் அந்தச் சொல்லுக்கு சிரில் பொருளும் சொல்கிறார். ஐந்து காரணங்கள் தருகிறார். உலகின் ஒரு முனை முதல் மறு முனை வரை பரவியிருப்பதால் அது கத்தோலிக்கம். தெரிந்துகொள்ள வேண்டிய எதையும் விடாமல் கற்பிப்பதால். ஆள்வோர், ஆளப்படுவோர், படித்தவர், படிக்காதவர் என்று எல்லா வகை மனிதரையும் ஒன்றாக நிறுத்துவதால். எல்லாப் பாவத்துக்கும் மருந்து வைத்திருப்பதால். எல்லா நற்குணமும் அதற்குள் இருப்பதால். இந்த ஐந்தில் முதல் காரணம் எல்லாருக்கும் பிடித்தது. உலகம் முழுக்க நம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்வதில் செலவு ஒன்றும் இல்லை. மூன்றாவதுதான் தொல்லை பிடித்தது. இன்று நான் பேச வந்தது அந்த மூன்றாவதைப் பற்றி.

கத்தோலிக்கோஸ் என்பது கிரேக்கச் சொல். முழுமைக்கும் உரியது என்று பொருள். சபையோடு சேர்த்து அதை எழுதியவர்களில் நமக்குக் கிடைக்கும் முதல் ஆள் அந்தியோக்கியா இஞ்ஞாசியார். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமாபுரிக்கு விலங்கோடு இழுத்துச் செல்லப்பட்ட வழியில், ஸ்மிர்னா ஊர்ச் சபைக்கு எழுதிய கடிதத்தில் அது வருகிறது. 381இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய சங்கத்தோடு இணைத்துச் சொல்லப்படும் விசுவாசப் பிரமாணத்தில் அது நிலையாக உட்கார்ந்துவிட்டது. பிறகு பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் சபை பிளந்தபோது, முழுமையைக் குறித்த சொல் ஒரு பிரிவின் பெயராக ஆகிப்போனது. லூதர் தம் ஜெர்மன் ஞானோபதேசத்தில் அந்த இடத்தில் ‘கிறிஸ்தவ’ என்று போட்டார். நம் சி.எஸ்.ஐ. கோயில்களில் ஞாயிறுதோறும் ‘பொதுவான’ என்கிறார்கள். ஆர்.சி.யில் ‘கத்தோலிக்க’ என்றே விட்டுவிட்டார்கள்.

‘பொதுவான’ என்பதைக் கேட்டால் கொஞ்சம் சப்பென்று இருக்கும். பொதுக் கழிப்பிடம், பொதுத் தேர்வு என்று தினம் புழங்கி நைந்த சொல். ஆனால் தமிழில் அதற்குப் பழைய ஆழம் உண்டு. தில்லையில் நடராசர் ஆடுகிற இடத்துக்குச் சைவ இலக்கியத்தில் பொது என்றே பெயர். மன்று, அம்பலம், பொது, சபை எல்லாம் பக்கத்துப் பக்கத்து வீட்டுச் சொற்கள். ஆக, விழுப்புரத்துக் கிறிஸ்தவர் ஒருவர் ‘பொதுவான சபை’ என்று சொல்லும்போது, தமக்குத் தெரியாமலே சிதம்பரத்தின் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்கிறார். அந்தப் பொதுவுக்குள் போக நந்தனார் எந்த வழியாகப் போக வேண்டியிருந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். தீ வழியாக.

கிராமத்தில் இன்னும் தெளிவாகப் புரியும். ‘ஊர்ப்பொது’ என்று ஒரு சொல் இருக்கிறதல்லவா? ஊர்ப்பொதுக் கிணறு, ஊர்ப்பொதுச் சாவடி, ஊர்ப்பொதுவில் எடுக்கிற திருவிழா. இதில் காலனி சேராது. சேராது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை, எழுதத் தேவைப்பட்டதும் இல்லை. வரி கொடுக்கிறவர்களின் பட்டியலைப் பார்த்தாலே பொது யார் என்று தெரிந்துவிடும். கோயில் வரி வாங்க மாட்டோம் என்று ஒருவரிடம் சொல்வது தள்ளுபடி அல்ல, தள்ளி வைப்பது.

கிரேக்கர்களிடமும் இதேதான். சபைக்குப் புதிய ஏற்பாட்டில் வரும் எக்ளேசியா என்பது முதலில் மதச் சொல்லே இல்லை. ஏதென்சில் குடிமக்கள் கூடி முடிவெடுக்கிற ஊர்க்கூட்டத்துக்கு அந்தப் பெயர். அதில் பெண்கள் கிடையாது, அடிமைகள் கிடையாது, வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் கிடையாது. கிறிஸ்தவர்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, மூன்று பேரையும் உள்ளே விட்டார்கள். உடனே சண்டையும் வந்தது. கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முன்னாலேயே வந்து சாப்பிட்டு முடித்துவிட, வேலை முடிந்து வந்த ஏழைகள் பசியோடு நின்றார்கள். பவுல் கடுமையாகக் கடிந்து எழுதிய கடிதம் இருக்கிறது. பந்தியில் யார் முதலில் என்கிற வழக்கு தமிழ்நாட்டில் தொடங்கியது இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது நம் பகுதிக்கு வருவோம். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். இதைச் சுற்றிய நிலத்தில் மூன்று தேசத்துக் கிறிஸ்தவம் வந்து இறங்கியது. புதுச்சேரியை மையமாக வைத்துப் பாரிசிலிருந்து வந்த பிரெஞ்சுக் குருக்கள். 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய அமெரிக்கன் ஆற்காடு மிஷன். டச்சு வழிச் சீர்திருத்தச் சபை அது. பிறகு டேனிஷ் மிஷன். அதன் வழி வந்ததுதான் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை. 1876–78 பஞ்சத்தின்போதும் அதை ஒட்டியும் ஒடுக்கப்பட்ட மக்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். எந்த மிஷன் எந்தச் சாலையில் வந்தது, எந்தச் சாமியார் எந்தச் சேரியில் கஞ்சி ஊற்றினார் என்பதைப் பொறுத்து ஒரு கிராமம் ஆர்.சி. ஆனது, அடுத்த கிராமம் லுத்தரன் ஆனது. ஜெனீவாவிலும் விட்டன்பர்க்கிலும் நடந்த வாதத்தை எடைபோட்டு யாரும் சேரவில்லை.

என் வீட்டிலேயே இந்த இரட்டை உண்டு. அப்பா வழி திண்டிவனம் பக்கம், சி.எஸ்.ஐ. அம்மா வழி உளுந்தூர்ப்பேட்டை பக்கம், ஆர்.சி. அப்பா வீட்டில் ‘ஐயர் வர்றார்’ என்றால் சபைக் குரு. அம்மா வீட்டில் ‘சாமியார்’. இங்கே ஆராதனை, அங்கே பூசை. இங்கே யோசேப்பு, அங்கே சூசை. அம்மாவைப் பெற்ற ஆயாவுக்குப் பவுல் என்றால் யாரென்றே தெரியாது. “சின்னப்பர்னு சொல்லேன்டா” என்பார். பேதுரு அவருக்கு இராயப்பர், யோவான் அருளப்பர். ஒரே ஏசுவுக்கு ஒரே பன்னிரண்டு சீடர்கள், எங்கள் வீட்டில் மட்டும் இருபத்து நாலு பேர் நடமாடினார்கள்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தப் பெயர்களையெல்லாம் ஒன்றாக்குகிற பெரிய வேலை நடந்த இடம் திண்டிவனம். தமிழ்நாடு விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் அங்கேதான் இருக்கிறது. ரயிலில் போகிறவர்களுக்கு அது தெரியாது. ஆனால் தமிழ் பேசுகிற கத்தோலிக்கர் சென்னையில் இருந்தாலும் டொரன்டோவில் இருந்தாலும் கையில் வைத்திருக்கிற திருவிவிலியத்தின் முதல் பக்கங்களைப் புரட்டினால் திண்டிவனம் என்று அச்சாகியிருக்கும். 1995இல் வந்த பதிப்பு. அதற்கு வைத்த பெயரைக் கவனியுங்கள்: பொது மொழிபெயர்ப்பு.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல், பிரிந்துபோன சகோதரர்களோடு சேர்ந்தே மறைநூலை மொழிபெயர்க்கலாம் என்று வழிவிட்டது. 1968இல் வத்திக்கானும் வேதாகமச் சங்கங்களும் சேர்ந்து அதற்கு விதிகள் வகுத்தன. அதன்படி நம் ஊரில் கத்தோலிக்க அறிஞரும் மற்ற சபை அறிஞரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் என்ன கொடுத்தார்கள், என்ன வாங்கினார்கள் என்று பாருங்கள், அங்கேதான் பொது என்பதன் விலை தெரிகிறது. கத்தோலிக்கர் இராயப்பரையும் சின்னப்பரையும் அருளப்பரையும் விட்டுக்கொடுத்தார்கள். வீரமாமுனிவர் காலத்து வாசனை உள்ள பெயர்கள் அவை. பேதுரு, பவுல், யோவான் உள்ளே வந்தார்கள். மற்றவர்கள் தேவனையும் கர்த்தரையும் விட்டார்கள். கடவுள், ஆண்டவர் என்று ஆனது. சுவிசேஷம் நற்செய்தி ஆனது, ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆனது, ஆதியாகமம் தொடக்க நூல் ஆனது, சங்கீதம் திருப்பாடல் ஆனது. கத்தோலிக்கர் ஏற்கிற, மற்றவர் ஏற்காத தோபித்து, மக்கபேயர் முதலிய நூல்களுக்கு ‘இணைத்திருமுறை’ என்று ஒரு பெயரைக் கண்டுபிடித்துத் தனிப் பகுதியாக வைத்தார்கள். அந்தப் பெயரை யோசித்தவர் யாரோ, அவருக்கு ஒரு சபாஷ். திருமுறை என்று சைவத்திலிருந்து எடுத்து, இணை என்று முன்னால் ஒட்டி, இரு தரப்பும் மூச்சு விடுகிற அளவுக்கு இடம் வைத்துவிட்டார்.

விளைவு? கத்தோலிக்கக் கோயில்களில் அது நிலைத்துவிட்டது. பூசையில் வாசிப்பது அதுதான். மற்ற சபைகளில் பெரும்பாலோர் இன்றும் பவர் ஐயர் தலைமையில் 1871இல் வந்த பழைய மொழிபெயர்ப்பை விடவில்லை. வேடிக்கை என்னவென்றால் அதற்கும் ஐக்கிய மொழிபெயர்ப்பு என்றுதான் பெயர். அது வந்தபோது லைப்சிக் மிஷன் லுத்தரன்கள் அதை ஏற்காமல் பப்ரிசியுசு ஐயரின் மொழிபெயர்ப்பையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் ‘எல்லாருக்குமானது’ என்று ஒன்று வரும், ஒரு கூட்டம் வெளியே நிற்கும். எனக்குப் பொது மொழிபெயர்ப்பின் தமிழ் பிடிக்கும். ஆனால் சாகக் கிடந்த ஆயா அதில் ஜெபிக்கவில்லை. அவருக்குச் சர்வேசுரன்தான் வந்தார்.

திண்டிவனத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. நீங்கள் பலமுறை கேட்டது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1890களில் ஒரு ராத்திரி, ஆற்காடு மிஷன் பங்களாவில் டாக்டர் ஜான் ஸ்கடரின் மகள் ஐடா இருக்கிறார். மருத்துவம் படிக்காதவர், இந்தியாவில் தங்கவும் விருப்பம் இல்லாதவர். ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் கதவைத் தட்டுகிறார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவரும் மேல்சாதிக்காரர். மூவர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவச் சிக்கல். அப்பாதான் டாக்டர், அவர் வருவார் என்கிறார் ஐடா. ஆண் வந்து பார்க்கக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போகிறார்கள். விடிந்தால் மூன்று பெண்களும் இறந்திருக்கிறார்கள். ஐடா அமெரிக்கா போய் 1899இல் கார்னெல்லில் டாக்டர் பட்டம் பெற்று, 1900இல் திரும்பி வந்து, வேலூரில் கட்டியதுதான் இன்றைய சி.எம்.சி. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது.

இந்தக் கதையைப் பிரசங்கங்களில் அழைப்பு, அர்ப்பணம் என்று முடிப்பார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிக்காத மூன்று வீடுகள், பெண்ணை வெளியே காட்டாததில் மட்டும் ஒத்துப்போயின. அந்த மூன்று பெண்களும் எந்தப் பொதுவிலும் சேராதவர்கள். பின்னாளில் அந்த ஆஸ்பத்திரியைப் பல சபைகள் சேர்ந்து நடத்த முன்வந்தபோது, திருவிருந்தில் ஒரே அப்பத்தைப் பிட்டு உண்ண முடியாத சபைகளும் அதில் இருந்தன. அப்பத்தில் ஒன்றுசேர முடியாதவர்களால் ஆஸ்பத்திரியில் சேர முடிந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அங்கே யாரும் வந்தவரின் சபையைக் கேட்டு வார்டு பிரிக்கவில்லை.

சபைகள் ஒன்றுசேர்ந்த கதையும் நம் கடற்கரையில்தான் தொடங்கியது. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இருவர் தவிர எல்லாரும் இந்தியர். முன்னின்றவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்து, ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் ஆன வி.எஸ். அசரியா. ஐரோப்பியச் சண்டைகளை எங்கள் தலையில் ஏன் ஏற்றினீர்கள் என்பதுதான் அவர்கள் கேள்வியின் சாரம். 28 ஆண்டு பேச்சுக்குப் பின் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், முன்பே இணைந்திருந்த பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் எல்லாம் ஒன்றாயின. ஆற்காடு மிஷனின் சபைகளும் அதில் வந்தன. லுத்தரன்கள் சேரவில்லை. அசரியா அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 1945 ஜனவரி முதல் தேதியே இறந்துவிட்டார். உலகமே இந்த இணைப்பைத் திரும்பிப் பார்த்தது. பேராயர் உள்ள சபையும் இல்லாத சபையும் இப்படிக் கலந்தது அதுவே முதல் தடவை.

நம் பக்கத்து லுத்தரன் சபையின் பிறப்பு இதைவிடச் சுவையானது, ஆனால் அதைப் பேசுவார் குறைவு. 1850இல் சென்னை மிஷனரி மாநாடு ஒரு தீர்மானம் போட்டது. சாதியை விடாதவருக்குத் திருமுழுக்குக் கிடையாது, ஒடுக்கப்பட்டவர் சமைத்ததை உண்டு காட்டுவதுதான் அதற்குச் சோதனை. லைப்சிக் மிஷன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அதன் தலைவர் கிரவுல், சாதி சமூக வழக்கம், மெல்ல மெல்லத்தான் கரையும் என்றார். அவருடைய மிஷனிலேயே வேலை பார்த்த கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியர் இதோடு மோதி வெளியேறி, பண்ருட்டிப் பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் 1860களின் தொடக்கத்தில் தனி மிஷன் தொடங்கினார். பெத்தானியா என்று பெயர் வைத்தார். அதைத்தான் டேனிஷ் மிஷன் ஏற்றுக்கொண்டது. ஆக, விழுப்புரத்து லுத்தரன் ஒருவர் தம் சபையின் வேரைத் தோண்டினால், கடைசியில் கிடைப்பது யாரோடு யார் சாப்பிடுவது என்கிற சண்டை.

இனி கத்தோலிக்கப் பக்கம். முன்வரிசையில் இருக்கிற ஃபாதர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். விழுப்புரமும் திண்டிவனமும் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. அதன் தலைக்கோயில் புதுச்சேரி சம்பா கோயில். 1745இல் அந்தக் கோயிலில் நடந்த ஒன்றை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கோயிலுக்குள்ளே பறையர் கிறிஸ்தவர்களைத் தனியாக உட்கார வைக்க ஒரு சுவர். காரைக்காலிலிருந்து வந்த ஒரு குருவானவர் அந்த மக்களுக்குத் தைரியம் சொல்ல, அவர்கள் போய்ப் பெரிய சாமியாரிடம் கேட்கிறார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள் என்றால் இந்தச் சுவர் எதற்கு? சுவர் இடிக்கப்படுகிறது. இன்று நாம் பார்க்கிற கட்டடம் 1791இல் முடிந்தது. பிள்ளை சொல்வது அதற்கு முந்தைய கோயில். அந்தச் சுவர் எத்தனை நாள் நின்றிருக்கும், அதைக் கட்ட யார் பணம் போட்டிருப்பார்கள் என்று அடிக்கடி யோசித்திருக்கிறேன். சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே லத்தீன் பூசைதான் காதில் விழுந்திருக்கும். அந்த லத்தீன் பாரிசிலும் ரோமிலும் அதே நேரத்தில் ஒலித்தது. சிரில் சொன்ன முதல் காரணம் அங்கே நூற்றுக்கு நூறு நிறைவேறியிருந்தது, மூன்றாவது காரணம் சுவரில் முட்டி நின்றது.

263 ஆண்டு கழித்து, இறையூர். உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கம். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம், 2008இல் நம் விழுப்புரம் மாவட்டம். ஜெபமாலை அன்னைக்குப் பெரிய, பழைய கோயில். வன்னியக் கத்தோலிக்கர் பெரும்பான்மை, தலித் கத்தோலிக்கர் சிறுபான்மை. கல்லறை தனித்தனி. தலித் வீட்டுச் சாவு ஊர்வலம் கோயிலுக்குப் போகிற பெரிய தெரு வழியாகப் போக முடியாது. கோயிலுக்குள் உட்காரும் இடமும் பிரிந்தது. இதைச் சகிக்க முடியாமல் தலித்துகள் சகாய அன்னைக்குத் தங்கள் பக்கத்தில் ஒரு சிறு கோயில் கட்டி, அதைத் தனிப் பங்காக அறிவிக்கக் கேட்டார்கள். உண்ணாவிரதம் இருந்தார்கள். 2008 மார்ச் 9 அன்று மோதல் வெடித்தது, வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் தரப்பில் இருவர் இறந்தார்கள். இரு தரப்பும் கழுத்தில் அதே ஜெபமாலை போட்டவர்கள்.

அப்போது அடிக்கடி கேட்ட பேச்சு: தனிப் பங்கு கேட்கிறவர்கள் திருச்சபையின் ஒற்றுமையை உடைக்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு இன்றுவரை ஒப்பவில்லை. கல்லறை இரண்டு, பாதை இரண்டு, உட்காரும் இடம் இரண்டு என்று இருந்த இடத்தில், கணக்குப் புத்தகமும் சாவியும் மட்டும் ஒன்று. அந்த ஒன்று யார் கையில் இருந்ததோ அவர்கள்தான் ஒற்றுமையைப் பற்றிப் பேசினார்கள்.

இதே பழைய தென்னார்க்காட்டில் கல்லேரி என்ற கிராமம் இருக்கிறது. அங்கே பிறந்த டி. சைமன் லூர்துசாமி பெங்களூர் பேராயராகி, ரோமுக்குப் போய், 1985இல் கர்தினால் ஆனார். கீழைத் திருச்சபைகளுக்கான வத்திக்கான் பேராயத்துக்குத் தலைவராக 1991 வரை இருந்தார். உக்ரேனிலும் லெபனானிலும் எகிப்திலும் உள்ள கத்தோலிக்கர்களின் காரியங்கள் கல்லேரிக்காரர் மேசைக்கு வந்தன. அவர் தம்பி அமலோர்பவதாஸ், இந்தியக் கத்தோலிக்க வழிபாட்டை இந்திய முகத்தோடு மாற்றியதில் முதன்மையானவர், பெங்களூரில் தேசிய விவிலிய நடுநிலையத்தை 1967இல் தொடங்கியவர். நம் மண் உலகளாவிய திருச்சபைக்கு ஆள் கொடுத்திருக்கிறது, குறைவில்லை. லெபனான் வரை போய்ச் சேர்ந்த பாதை, இறையூரில் ஒரு தெருவைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போய்ச் சேரவில்லை.

அரசாங்கம் மட்டும் என்ன? 1950 ஆகஸ்டு 10ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில் வர முடியாது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவ தலித்துக்கு இன்னும் கதவு திறக்கவில்லை. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று டெல்லி சொல்கிறது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. டெல்லிக்குச் சபையைவிடச் சபை மேல் நம்பிக்கை அதிகம்.

கூட்டம் தொடங்கும் முன்பே ஒரு சீட்டு என் கைக்கு வந்தது. தனிப் பங்கு கொடுத்தால் சாதிக்குக் கோயிலே முத்திரை குத்தியது ஆகாதா என்று கேட்டிருக்கிறார் ஒரு நண்பர். நியாயமான கேள்வி. 1983இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 518ஆம் எண், பங்கு என்பது பொதுவாக நில எல்லையை வைத்துப் பிரிப்பது என்கிறது. மொழி, வழிபாட்டு முறை, நாடு போன்ற காரணங்களுக்காக ஆட்களை வைத்தும் பிரிக்கலாம் என்கிறது. சாதி அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. ஆனால் நம் ஊரில் நில எல்லை என்றாலே சாதி எல்லைதானே? தெரு பார்த்துப் பிரித்தால் சாதி பார்த்துப் பிரித்ததாக முடியும். ரோமில் உட்கார்ந்து சட்டம் எழுதியவருக்கு மேலத்தெரு, காலனித்தெரு தெரியாது.

கேட்டால் கொடுக்கலாம் என்பது என் கட்சி. தனிப் பங்கு என்றால் தனிப் பேரவை, தனிக் கணக்கு, தங்கள் திருவிழாவுக்குத் தாங்களே கொடியேற்றுகிற உரிமை. யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. ஆனால் கொடுக்கும்போதே இரண்டை எழுதிக் கொடுக்க வேண்டும். ஒன்று, கல்லறை இரண்டு பங்குக்கும் ஒன்றுதான், நடுவில் சுவரோ முள்வேலியோ இருந்தால் எடுக்கப்படும். இரண்டு, யார் வீட்டுச் சாவானாலும் ஊர்வலம் எந்தத் தெரு வழியாகவும் போகும். முதல் சில சாவுகளுக்குப் போலீஸ் பந்தோபஸ்து வேண்டியிருக்கும், வரட்டும். மற்றதையெல்லாம் பேசித் தீர்க்கட்டும், பத்து வருஷம் ஆனாலும் சரி. இந்த இரண்டை மட்டும் ஆயர்கள் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள் என்று தெரியும். மைக் இதோ இருக்கிறது, வந்து பேசுங்கள்.